பக்கத்துக்கு நாற்பது ரூபாய்

தருமபுரி நான்கு ரோட்டில்
ஜெராக்ஸ் கடையின் பின்னறையில்
ஒரு பிரதமரை அடித்துக்கொண்டிருக்கிறேன்.
போட்டித் தேர்வு வழிகாட்டிக்கு.
பக்கத்துக்கு நாற்பது. பிழை இருந்தால் முப்பது.

கிளாட்ஸ்டன். லிவர்பூலில் பிறந்தார், 1809.
அப்பாவுக்குக் கடல் தாண்டிக் கரும்புத் தோட்டங்கள்,
தோட்டங்களில் அடிமைகள்.
சபையில் மகனின் ஆரம்பப் பேச்சொன்று
அந்த முதலாளிகளின் பக்கம்.
ஓரத்தில் பென்சிலால் பதிப்பாளர்: “சுருக்கவும்.”
சுருக்கினேன்.
“வணிகக் குடும்பம்.”

நான்கு முறை பிரதமர்.
நான்காவதற்கு நகலெடுத்து ஒட்டி
ஆண்டை மட்டும் மாற்றினேன்.
ஒரு பட்ஜெட்டை
நாலே முக்கால் மணி நேரம் பேசினாராம்.
அரூர் போய்த் திரும்பி, டீ குடித்து,
மறுபடி அரூர் பஸ் ஏறலாம்.

தாது வருஷம் இங்கே
சப்பாத்திக்கள்ளிப் பழம் தின்று ஜனங்கள் செத்தபோது
பிரதமர் யார் என்று தேடினேன்.
யாரும் தேடச் சொல்லவில்லை.
இவர் இல்லை, இவருடைய எதிரி.
எனக்கு ஏனோ ஏமாற்றம்.

பதினோராம் பக்கத்தில்தான் அந்த வரி:
ஓய்வுக்கு மரம் வெட்டுவார்.

இரவு பத்துக்கு மாதேசன் வந்தான்,
காது மடலில் மரத்தூள்.
சாலையை அகலமாக்குகிறார்கள்,
புளியமரங்களுக்கு வெள்ளைப் பெயிண்டில் எண்.
இன்று 209, 210, 211.

களியைக் குழம்பில் தொட்டபடி கேட்டான்:
“ரம்பமா?”
“கோடாரி.”
“கூலி?”
“கூலி கிடையாது. ஆசைக்கு.”
புரையேறும்வரை சிரித்தான்.
“எத்தனை வயசு வரைக்கும்?”
“எண்பது தாண்டி.”
சிரிப்பு நின்றது.
வலது உள்ளங்கையை விளக்கில் திருப்பிப் பார்த்தான்.
அவனுக்கு முப்பத்தெட்டு.
விரல்கள் இப்போதே முழுசாக மடங்குவதில்லை.

“அவர் வெட்டிய சிராய்களை
ஜனங்கள் பொறுக்கிப் போவார்களாம், ஞாபகத்துக்கு.”
“இங்கேயும் பொறுக்கறாங்க.
அடுப்புக்கு.”

மகாராணியிடமிருந்து ஆள் வருகிறது என்று
தந்தி வந்த மதியமும் மரத்தடியில்தான் இருந்தார்.
வாசித்தார், முக்கியம்தான் என்றார்,
மறுபடி கோடாரியை ஓங்கினார்.
இதை நான் படித்து முடிக்கவில்லை,
மாதேசனின் போன் அதிர்ந்தது.
காண்டிராக்டர்.
கோர்ட்டில் தடை வாங்கிவிட்டார்களாம்.
212லிருந்து நிறுத்து. மறுபடி சொல்லும்வரை வராதே.

போனைக் கவிழ்த்து வைத்தான்.
மரம் பிழைத்தது நல்லதுதான் என்று
எனக்குச் சொல்ல வந்தது.
சொல்லவில்லை.
வாடகை ஐந்தாம் தேதி.
அவன் ரம்பச் சங்கிலியைக் கழற்றி
பழைய துணியில் சுற்றத் தொடங்கினான்,
பல் பல்லாகத் துடைத்து.

மிச்சத்தை விடியும்முன் முடித்தேன்.
அயர்லாந்துக்குத் தன்னாட்சி, இருமுறை தோல்வி.
எண்பத்து நாலில் கடைசி ராஜினாமா,
கண் மங்கிவிட்டது.
என் கண்ணும் எரிந்தது.
1898. மரணம். முற்றுப்புள்ளி.

அனுப்புவதற்கு முன்
முதல் பக்கத்துக்குப் போனேன்.
“வணிகக் குடும்பம்” அழித்து
தோட்டங்களையும் அடிமைகளையும்
இருந்த இடத்தில் வைத்தேன்.
எல்லாம் ஒவ்வொரு வரியாகக் கீழே நகர்ந்து
கடைசி வரி மட்டும்
புதுப் பக்கத்தில் தனியாக விழுந்தது.

அதுவும் ஒரு பக்கம்தான்.
நாற்பது ரூபாய்.