மூன்றாம் மாடியின் புருவம்

நாற்பத்தோரு கடிதங்கள் எழுதியிருக்கிறேன்.
எல்லாவற்றிலும் ஒரே வாசகம்:
தெருமுகப்பின் சீர்மை கெடும் என்பதால்
சன்னலுக்கு வெளியே தட்டியோ திரையோ
மடக்குப் பலகையோ பொருத்த
அனுமதிக்க இயலாது.
கீழே என் கையெழுத்து,
லொத்தார் விண்டிஷ், கட்டட நிர்வாகம், வியன்னா.

நிழலின் அருமை வெயிலில் தெரியும் என்பார்கள்.
எனக்கு அது கோப்பில்தான் தெரியும்,
இணைப்பு மூன்று, பக்கம் ஏழு.

ஜூலையில் ஒரு புகார் வந்தது.
ஒட்டாக்ரிங்கில் மேற்குப் பார்த்த சன்னலொன்றின் வெளியே
படுக்கை விரிப்பு தொங்குகிறதாம்,
அதுவும் எலுமிச்சை மஞ்சளில்.
எதிர்வீட்டுக்காரர் படமெடுத்து அனுப்பியிருந்தார்.
பின்குறிப்பில்:
காற்றடித்தால் படபடக்கிறது.

போனபோது மணி நான்கு.
மின்தூக்கி வேலை செய்யவில்லை.
மூன்றாம் மாடியில் கதவைத் திறந்தவள்
எர்மினா ஸூலிச், ரொட்டிக்கூடத்தில் இரவு வேலை.
தூக்கம் கலைந்த முகம்.
உள்ளே நுழைந்ததும்
என் சட்டைக் காலர் கழுத்தை விட்டது.
அவ்வளவு குளுமை என்றில்லை,
மூச்சு விடலாம் போலிருந்தது.

குளிர்பெட்டிக் கதவில் காந்த வில்லைக்குக் கீழே
என் கடிதம்,
பத்தொன்பதாவதோ இருபதாவதோ.

"உள்ளே திரை போட்டுப் பார்த்தேன்" என்றாள்,
"கனமான துணி, இரட்டை மடிப்பு.
தொட்டால் இஸ்திரிப் பெட்டி.
கண்ணாடியைத் தாண்டிவிட்ட வெயில்
கடன்காரன் மாதிரி,
உட்கார்ந்தால் விடியும்வரை எழுந்திருக்காது.
வாசலிலேயே நிறுத்த வேண்டும்."
பிறகு கொட்டாவி விட்டபடி,
"அடுப்புக்கு அடுப்பு மாறிக்கொண்டிருந்தேன்.
இங்கே சம்பளம் மட்டும்தான் இல்லை."

நான் நடைமுறையைச் சொன்னேன்.
விரிப்பை எடுக்க வேண்டும்,
எடுத்ததைப் படம் பிடிக்க வேண்டும்.
மறுப்பில்லை. நான்கு துணிக்கவ்விகள்,
ஒரு துடைப்பக் கழி,
அவ்வளவுதான் அந்தச் சட்டமீறல்.

வெயில் கதவு தட்டாமல் வந்தது.
கட்டிலில் ஏறியது. தலையணையில் படுத்தது.
மேசையில் வெண்ணெய்த் துண்டின்
மூலைகள் ஒவ்வொன்றாய் மழுங்கின.
படிவத்தில் பதினாறு கேள்விகள்.
ஐந்தாவதில் பேனா விரலிலிருந்து வழுக்கியது.
ஒன்பதாவதில் என் நெற்றியிலிருந்து ஒரு சொட்டு
"குடியிருப்பவர் பெயர்" மேல் விழுந்து
அவளை நீலமாகக் கரைத்தது.

"நிதானமாக நிரப்புங்கள்,
எனக்கு அவசரமில்லை" என்றாள்
சுவரோரம் கைகட்டி நின்று.

சன்னல் விளிம்பை அளக்கத் தலையை வெளியே நீட்டினேன்.
மேலே சுண்ணத்தில் செதுக்கிய பெண்முகம்.
இந்தத் தெருவில் சன்னலுக்கு ஒன்று,
எண்ணி வைத்திருக்கிறோம்,
மூக்கு உடைந்தால் மானியம் உண்டு.
அவளுக்கு மேல் ஒரு பிதுங்கிய விளிம்பு,
அதன் கீழ் தடித்த புருவம்.
நாலு மணி வெயிலிலும்
அவள் கண்கள் நிழலில் இருந்தன.
நிழல் உதடுவரை இறங்கி
கண்ணாடிக்கு ஒரு சாண் மேலே நின்றுவிட்டது.

இத்தனை வருடம் நான் காத்த முகப்பு
தனக்கு வேண்டியதை
முன்னமே வைத்துக்கொண்டிருந்தது.

எதுவும் சொல்லத் தோன்றவில்லை.
விரிப்பின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டேன்.
அவள் கவ்விகளை மாட்டினாள்.
மூன்றாவது என் விரலைக் கடித்தது.

அறிக்கையில் உண்மையைத்தான் எழுதினேன்:
ஆய்வின்போது விரிப்பு அகற்றப்பட்டது.
படம் இணைக்கப்பட்டுள்ளது.
ஆய்வுக்குப் பிறகு என்ன ஆனது என்று
படிவத்தில் கேள்வி இல்லை.

டிராம் நிறுத்தத்திலிருந்து திரும்பிப் பார்த்தேன்.
எதிர்வீட்டுக்காரர் சொன்னது சரிதான்,
படபடக்கத்தான் செய்கிறது.

அவருக்கு இன்னும் பதில் எழுதவில்லை.
அவருடைய சன்னல் கிழக்குப் பார்த்தது.
காலை எட்டு மணிக்கு
நேரிலேயே போகலாம் என்றிருக்கிறேன்,
படிவத்தோடு,
பதினாறு கேள்விகளோடு,
நிதானமாக.