அறுபத்தெட்டு கே

மிக்சி, கிரைண்டர், இன்வெர்ட்டர்:
திங்கள்சந்தைக் கடையில் என் போர்டு
இவ்வளவுதான் சொல்லும்.
குறும்பனை ஷைஜின் அதைப் படிக்கவில்லை.
மீன்பெட்டி இறக்குகிற வாக்கில்
தோளிலிருந்து மேசைமேல் இறக்கினான்
ஐந்து வாட் வால்வு ஆம்ப்.
சாலை பஜாரில் பழையது, ஆறாயிரம்.

"கல்யாண வீட்டுல கிட்டார் தொடுகதுக்கு முன்ன
இது முனங்குது அக்கா."
பிறகு தலையைச் சொறிந்து,
"ராத்திரியானா மலையாளமும் பேசும்."

துப்பட்டாவைக் கழற்றி ஆணியில் மாட்டினேன்.
வளையல்களையும்.
ஓட்டிப் பார்த்து, பிளக்கைப் பிடுங்கிய பிறகும்
பெரிய கப்பாசிட்டரில் இருநூற்று எண்பது வோல்ட்
உட்கார்ந்திருந்தது,
கூலிபாக்கிக்கு வந்தவன்
எழுந்திருக்காமல் இருப்பதுபோல.
இடதுகையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு
ரெசிஸ்டர் வழியாகப் பைய இறக்கினேன்.
நூறு.
நாற்பது.
சரி, இனித் தொடலாம்.

கடற்காற்று முதலில் நட்டைத் தின்னும்,
பிறகு சாக்கெட்டை.
சின்ன வால்வின் ஒன்பது காலிலும் பச்சை.
பழைய டூத்பிரஷ், கொஞ்சம் ஸ்பிரிட்.
வயிறு வீங்கிய கப்பாசிட்டர் இரண்டையும் மாற்றினேன்.
ஹீட்டர் வயர்கள் தூரதூரமாய்க் கிடந்தன,
பேச்சுவார்த்தை இல்லாத சம்பந்திகள்;
சேர்த்து முறுக்கி மூலையோரம் படுக்கவைத்தேன்.
முனகல் பாதியானது.
எர்த்தை ஒரே நட்டுக்குக் கொண்டுவந்தேன்,
மீதியும் போயிற்று.

கை சும்மா இருக்குமா.
கதோடில் இருபத்தைந்து மைக்ரோவை எடுத்துவிட்டு
புள்ளி அறுபத்தெட்டு போட்டேன்,
தொண்டைச்சளி கரைந்ததுபோல் தாழ்ந்த கம்பி தெளிந்தது.
ஆறங்குல ஸ்பீக்கருக்குப் பதில்
மூடிப்போன ஒரு சவுண்ட் சர்வீஸின் பன்னிரண்டங்குலம்.
ஷைஜின் ஒரே ஒரு ஈ மைனர் தட்டினான்.
எதிர்க்கடையில் வாழைக்குலை எடைபோட்டவர்
தட்டைப் பிடித்தபடி நின்றுவிட்டார்.

கடைசியாக மலையாளம்.
கிரிட்டின் வாசலில் ஒரு காவல் இருக்க வேண்டும்,
அறுபத்தெட்டு கே.
முன்னால் திறந்த எவனோ அதை எடுத்துவிட்டு
வெறுங்கம்பி வைத்துப் போயிருக்கிறான்.
கதவில்லாத வீடு,
காற்றில் போகிற எந்த ஸ்டேஷனும் உள்ளே வரும்.
இருட்டும்வரை காத்திருந்து கேட்டேன்.
வந்தது, மூக்கடைத்த ஒரு பெண்குரல்:
'மல்ஸ்யத்தொழிலாளிகள் கடலில் போகருது.'
அரை மணிநேரம் மீன்விலை.

மறுநாள் ரெசிஸ்டரைப் பற்றவைத்துக் காட்டினேன்.
மௌனம், பளிங்குபோல.
ஷைஜின் சந்தோஷப்படவில்லை.

"அக்கா, அது மட்டும் இருக்கட்டா?"
"எது?"
"அந்த நியூஸ்.
அண்ணன் போட்டு லட்சத்தீவு பக்கம் நிக்குது.
மயினி விளக்க அணைச்சிட்டு
இதப் போட்டுத்தான் கிடப்பா."

"போன்ல பாக்கலாமே லேய்."

"போன்ல அவளா தேடணும்.
இது தானா சொல்லும்."

என்னிடம் அதற்குப் பதில் இல்லை.
பின்பக்கம் ஒரு துளை போட்டேன்.
சின்ன டாகிள் சுவிட்ச்:
மேலே தள்ளினால் ரெசிஸ்டர்,
கீழே தள்ளினால் வெறுங்கம்பி.
லேபிள் ஒட்டவா என்றேன்.
வேண்டாம், மயினிக்குத் தெரியும் என்றான்.

பில்புத்தகம் எடுத்தேன்.
கப்பாசிட்டர் இரண்டு. ஸ்பீக்கர் ஒன்று.
சுவிட்ச், இருபது ரூபாய்.
கூலி என்ற இடத்தில்
ஒரு குறையைத் தீர்த்ததற்கு எழுதினேன்.
அதையே திரும்ப வைத்ததற்கு
என்ன போடுவதென்று பேனா நின்றது.

குளச்சல் பஸ் ஹாரன் அடித்தது.
"எழுதி வை அக்கா, பொறவு தாறேன்,"
தோளில் ஏற்றிக்கொண்டு ஓடினான்.