அல்லியும் சதீவும்

மேட்டுப்பாளையம் லாரி வந்தபோது மணி இரண்டு நாற்பது.
எழுபத்திரண்டு மூட்டை, அதில் ஒன்று நனைந்தது.
பில் புத்தகத்தின் பின்னட்டையில்
ஒரு லத்தீன் பெயரடையை எழுதிக்கொண்டிருந்தேன்:
சதீவுஸ், சதீவ, சதீவும்.
விதைத்த என்று பொருள்.
தானாய் முளைத்ததில்லை,
ஏதோ ஒரு கை மண்ணுக்குள் வைத்தது.

பத்து மணிக்குத் தாவரவியல் தேர்வு.
வெள்ளரி ஆணாம், அதற்கு உஸ்.
நெல் பெண்ணாம், அதற்குக் குறில் அ
(நெடிலாக்கினால் வேற்றுமை மாறி
நெல்லால் ஆகிவிடும்).
பூண்டு இரண்டுமில்லை. உம்.
கோயம்பேட்டில் இதையெல்லாம் யார் பார்த்து எடை போடுகிறார்கள்?

நம் பெயரடைக்கு இந்தத் தொல்லை கிடையாது.
நல்ல வெள்ளரி, நல்ல நெல், நல்ல பூண்டு.
யார் வந்தாலும்
நல்ல எழுந்து நிற்பதில்லை.

விரிவுரையாளர் சடைவம் என்பார், இங்கிலீஷ் வழியாக.
வியாழன் கடைசி வகுப்பில்
எனக்கது சடைவு என்றே கேட்கும்.
எதிர்க்கடை ஃபெலிக்ஸ்,
செமினரியிலிருந்து பாதியில் வந்தவன்,
தீ-யில் அழுத்து என்றான்.
வ-வுக்குப் பல்லா உதடா என்று கேட்டேன்.
ரோமாபுரியிலேயே அது மாறிப்போச்சு,
உனக்கு வர்ற வ போதும்,
போய் மூட்டையை எண்ணு என்றான்.

எண்ணிக்கொண்டே சத்தமாகச் சொன்னேன்:
அல்லியும் சதீவும்.

உரித்துக்கொண்டிருந்த பொற்கிளி நிமிர்ந்தாள்.
"யாருடி அது அல்லியும் சதீவும்?
ஓடிட்டாங்களா?"

"பூண்டுக்கா. பூண்டோட பேரு."

"பூண்டுக்கு எதுக்கு ரெண்டு பேரு," என்றாள்.
விரல் நிற்கவில்லை.
"சதீவு எந்த ஊரு?"

தேர்வில் ஏழாம் கேள்வி அதுதான்.
அஃறிணைக்கு முதல் வேற்றுமையும் இரண்டாம் வேற்றுமையும்
ஒரே வடிவம் என்று எழுதும்போது
பூண்டு உரிக்கும் பொற்கிளி நினைவில் வந்தாள்.
பூண்டை உரிப்பதாக
அவள் ஒருநாளும் சொன்னதில்லை.

ராத்திரி திரும்பினால்
உரிக்கிற வரிசை முழுக்கக் கதை பரவியிருந்தது.
அல்லி வீட்டில் சம்மதமில்லையாம்.
சதீவு லாரியில் கிளீனராம், நல்ல பையனாம்,
குடிக்க மாட்டானாம்.
சேலம் பஸ்ஸில் அவர்களைப் பார்த்தவளே
ஒருத்தி இருந்தாள்.

மூன்று மணிக்குப் பக்கத்து வரிசையில்
கொத்தமல்லிக் கட்டுகள் இறங்கின, ஈரமாக.
கொரியாண்ட்ரும் சதீவும்.
சொல்ல வாயெடுத்தேன்.
பொற்கிளி பார்த்தாள்.
பாவம், அல்லி.
வாயை மூடிக்கொண்டு
மூட்டைகளை எண்ணினேன்.