நூறு மில்லி

சுன்னாகம் சந்தைக்குப் பின்னால்
என் மருந்துக்கடையின் மூன்றாம் தட்டில்
மண்ணிறப் போத்தலில் இருக்கிறது கிளிசரின்.
நிறமில்லை, மணமில்லை.
சரித்துப் பார்த்தால்
அவசரமில்லாத தண்ணீர்.

ஐசிங் காய்ந்து வெடிக்காமலிருக்க
கொக்குவில் கேக்காரி மெற்றில்டா கேட்பாள்.
தைப்பனிக்கு உதடு வெடித்த பஸ் கொண்டக்டர்
பெயர் தெரியாமல்
“அந்தப் பிசுபிசு” என்பான்.
இருமல் பாணி, பற்பசை, முகக் கிறீம்
எதை எடுத்துத் திருப்பினாலும்
பின்பக்கப் பொடி எழுத்தில்
எங்கேயோ நடுவில் நிற்கும்,
கலியாணப் படத்தில்
ஆரெண்டு தெரியாத சித்தப்பா மாதிரி.

இதற்கு ஒரு நெருங்கின சொந்தம் உண்டு.
அது மலை உடைக்கும்.
அதே ஆள்தான் நாக்கின் கீழ் வைத்தால்
நெஞ்சுவலிக்கு வழி விடும்.
இதை நான் கடையில் சொல்வதில்லை.

போன செவ்வாய் இரண்டு பெடியள் வந்தார்கள்.
குறும்படமாம்.
“நூறு மில்லி, அன்ரி. கண்ணீருக்கு.”
கண்ணுக்குள்ள விடக்கூடாது,
இமைக்குக் கீழே பஞ்சால தொடுங்கோ என்றேன்.
அம்மாவா நடிக்கிறது ஆர்?
“இணுவில் திலகேஸ்வரி அக்கா.”

எனக்குத் தெரியும்.
மாதம் ஒருமுறை பிறஷர் குளிசைக்கு வருவா.
பேர்சில் மருந்துத் துண்டுக்குப் பின்னால்
லமினேற் பண்ணின ஒரு முகம்
பதினெட்டு வயதிலேயே நிற்கிறது.

அவவுக்கு எதுக்கடா இது?

பெரியவன் நிலத்தைப் பார்த்தான்.
“அழமாட்டன் எண்டிட்டா அன்ரி.
உங்கட படத்துக்கு
என்ர கண்ணீர் தரேலாது,
கடையில வாங்கிக்கொண்டு வாங்கோ
எண்டவ.”

போத்தலில் லேபல் ஒட்டினேன்.
காசு வாங்கினேன்.
வாங்காமல் விட்டிருந்தால்
அது வேறொன்றாகியிருக்கும்.

இன்று வந்தா.
குளிசை அட்டைகளை நான் எண்ணி முடிக்கும்வரை
கதவுப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றா.
படம் முடிஞ்சுதோ அக்கா?
“ஓம் பிள்ளை. ஆறு தரம் எடுத்தவங்கள்.
வாயில வழிஞ்சுது.”
கொஞ்சம் பொறுத்து,
“இனிக்குது,” என்றா,
ஒரு முறைப்பாடு சொல்கிற குரலில்.

பிறகு மிச்சக் காசை விரித்து எண்ணினா.
பத்து ரூபா குறையுதாம்.

நானும் எண்ணினேன்.
குறைந்துதான் இருந்தது.