செயப்பாட்டு வினை

முப்பத்தேழாம் காத்தாடி சூடேறித்
தானாகவே நின்றுவிட்டது, செவ்வாய் இரவு.
லெவிஞ்சிபுரம் நிலையத்தில் ஒருத்தருக்கும் தெரியவில்லை.
புதன் மத்தியானம் ஆடு மேய்க்கிறவர் வந்து சொன்னார்:
"உங்க காத்தாடில ஒண்ணு மட்டும் சும்மா நிக்கில்லா?"
ஆனி மாதக் காற்று.
சும்மா நிற்பதற்கு மணிக்கணக்கில் காசு.

குணசீலன் சார் போனில் கத்தினார்.
லினக்ஸ் தெரிந்தவள் என்று என் பேர்தான் எல்லார் வாயிலும் வந்தது.
(கல்லூரியில் ஒரு பருவம் படித்தேன், அவ்வளவே.)

இரவு ஷிப்ட். ஜன்னல் கண்ணாடியைக் காற்று
தோளால் தள்ளிக்கொண்டிருந்தது.
டெர்மினலைத் திறந்து
"சோதனை" என்று ஓர் அறிவிப்பை நானே அனுப்பினேன்.
திரையின் வலது மூலை வெறுமையாகவே இருந்தது.
பிழை என்றும் சொல்லவில்லை.
வாங்கிக்கொண்டேன் என்பதுபோலக்
கர்சர் மட்டும் சிமிட்டியது.

கிரானைச் சந்தேகித்தேன்.
பஸ் முகவரி கொடுக்காவிட்டால்
எந்தத் திரைக்கு என்று தெரியாமல்
அது இருட்டில் கத்திக்கொண்டிருக்கும்.
முகவரி இருந்தது. கார்த்திகையில் நான் எழுதியதுதான்.
டன்ஸ்ட் செத்துவிட்டதோ?
உயிரோடு இருந்தது, பல நாளாய், ஒரே மூச்சில்.
இரண்டாக ஓடி ஒன்றையொன்று மறிக்கிறதோ?
அதுவும் இல்லை.
இரண்டு மணிக்கு, வேறு கேள்வி மிச்சமில்லாமல், கேட்டேன்:
உன்னை யாரும் நிறுத்திவைத்திருக்கிறார்களா?
ஆம் என்றது.
அதுவரை யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

காத்திருப்பவை எத்தனை?
இருநூற்றுப் பதினான்கு.

விடு என்றேன். வந்தன.
37 வெப்பம். 37 வெப்பம். 12 அதிர்வு.
வட்டு நிரம்புகிறது. 37 வெப்பம்.
நடுவே கொம்பையாவின் போனிலிருந்து
(பங்குனியில் மீட்டர் படம் அனுப்ப
இந்தத் திரையோடு இணைத்தது,
அப்புறம் யாரும் அறுக்கவில்லை)
"இன்று கட்டாவிட்டால் உங்கள் தொடர்பிலுள்ள அனைவருக்கும்"
4 வெப்பம்.
"உங்கள் மனைவியின் படம் எங்களிடம்"
9 இறக்கைக் கோணம்.
"ரூபாய் ஆறாயிரத்து எண்ணூறு. கடைசி எச்சரிக்கை."
அதே கடைசி எச்சரிக்கை பதினேழு முறை.

ஐம்பத்தைந்து அங்குலத் திரை.
பகல் ஷிப்டில் ஏழு பேர் அதன் முன்னால் உட்கார்ந்துதான் சாப்பிடுவார்கள்.
எந்த நொடியில் அவன் அந்த மணிச் சின்னத்தை
அழுத்தியிருப்பான் என்று தெரிந்துவிட்டது.
டிபன் டப்பா திறந்திருக்கும்.

மிச்சத்தை வாசிக்காமல் மூடினேன்.
இல்லை, சிலதை வாசித்தேன்.

போனின் இணைப்பை அறுத்தேன்.
அமைப்புக் கோப்பில் அந்தச் செயலியின் பேருக்குக் கீழே
காட்டாதே என்று ஒரு விதி.
அவசரம் என்றால் சிவப்பு, கால அளவு பூச்சியம்:
யாராவது வந்து தொடும்வரை போகாது.
வரலாற்றைத் துடைத்தேன்.

பிறகு அறிக்கை.
"அறிவிப்புகளை நிறுத்திவைத்தவர்" என்று தொடங்கி அழித்தேன்.
தமிழ் வினைமுற்று பொல்லாதது.
எழுவாயை ஒளித்தாலும் விகுதி காட்டிக்கொடுத்துவிடும்:
நிறுத்தினான். நிறுத்தினாள். நிறுத்தினேன்.
"அறிவிப்புச் சேவை நிறுத்திவைக்கப்பட்டிருந்தது.
சரிசெய்யப்பட்டது."
யாரால் என்று சார் கேட்டால்?
காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று சேமித்தேன்.

ஆறு மணிக்குக் கொம்பையா வந்தான்,
தலையெல்லாம் செம்மண்.
"காத்து எப்படிக்கா?"
"அடிக்கு."
மூலையிலிருந்த மணியைப் பார்த்தான்.
அதன் குறுக்கே கோடு இல்லை.
என்னைப் பார்க்கவில்லை.
அந்நேரம் பார்த்து ஒன்று வந்தது, சிவப்பாக:
21 எண்ணெய் அழுத்தம்.
பள்ளிக்கூடப் பையன்போல அதைச் சத்தமாக வாசித்தான்,
இரண்டாம் தடவையும்.
பிறகு போய்த் தொட்டான்.