அட்டவணை மூன்று

பெரிய வியாழன் மாலை
கால்களைச் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவினேன்.
நகம் வெட்டினேன். குதிகால் வெடிப்பில்
வாசலின் தடவினேன்.
பன்னிரண்டு பேரில் என் பெயரும் இருந்தது.
ஏழு மணிக்கு ஃபாதர் என் பாதத்தைக் கழுவப்போகிறார்,
அவருக்கு வேலை வைக்கக் கூடாதல்லவா.

காலையில்தான் அஸ்மான் வந்து நின்றான்,
என் அறைக்கு வெளியே, சப்பாத்தைக் கழற்றிவிட்டு.
நோன்பு மாதம். உதடு காய்ந்திருந்தது.
"டாக்டர், போன ஜூலை உப்பளவு...
மீட்டர் அந்த மாதம் சரிபார்க்கப்படவில்லை."
நோட்டை நீட்டினான்.
ஓரத்தில் சேற்று ரேகை.
தப்பான எண்களை ஒற்றைக் கோட்டால் அடித்திருந்தான்,
அடியில் இருப்பது வாசிக்கும்படி.

அட்டவணை மூன்று.
அதன் மேல்தான் முடிவுரை நிற்கிறது,
முடிவுரை மேல் என் பதவி உயர்வு,
கதவில் புதிதாய்த் திருகிய பெயர்ப்பலகை.

"பார்க்கிறேன்" என்றேன்.
எத்தனை பேரைத் திருப்பி அனுப்பிய சொல் அது.

மதியம் ஆய்விதழுக்குக் கடிதம் எழுதினேன்.
நல்ல கடிதம்.
"தவற்றை முழுமனத்துடன் ஏற்கிறேன்" என்ற இடத்தை
இரண்டு தடவை வாசித்துப் பார்த்தேன்.
தாழ்மை எனக்குப் பொருந்தித்தான் இருந்தது,
அளவெடுத்துத் தைத்த ரவிக்கை மாதிரி.
யார் கண்டுபிடித்தது என்பது மட்டும் அதில் இல்லை.
"மறுபரிசீலனையின்போது தெரியவந்தது."
தெரியவந்ததாம்.
தானாகவே படியேறி வந்ததாம்.

கோயிலில் பலிபீடத்துக்கு முன் நாற்காலி வரிசை.
ஃபாதருக்கு முட்டி வலி,
மண்டியிடும்போது பீடப்பையன் தோள் கொடுத்தான்.
என் காலில் ஊற்றிய தண்ணீர்
ஊற்றியபடியே பேசினில் தெளிந்து நின்றது.
கழுவ ஒன்றுமே இல்லை.

பத்து மாவுங் கடலோரச் சேற்றிலிருந்து
மாதிரிப் புட்டிகளோடு திரும்பும் ஒவ்வொரு முறையும்
ஆய்வுக்கூடத்தின் பின்னால், குழாயடியில்,
ரப்பர் குழாயைப் பிடித்து
என் முழங்கால்வரை அடிப்பது யார்?
பதினோரு வருடம்.
நான் கைப்பேசியைப் பார்த்தபடி
ஒரு காலை இழுத்துக்கொண்டு மறு காலை நீட்டியிருக்கிறேன்.

துவாலை ஒற்றி ஃபாதர் அடுத்தவரிடம் நகர்ந்துவிட்டார்.
செருப்பைத் தேடும் சாக்கில்
நான் குனிந்தே இருந்தேன்.

குளுகோர் சாலையில் நெரிசல்.
வீட்டுக்கு வந்து, சாப்பிடாமல், கடிதத்தைத் திறந்தேன்.
பிழையைக் கண்டுபிடித்தவர்
அஸ்மான் பின் ரம்லி, ஆய்வுக்கூட உதவியாளர்.
எழுதி முடித்ததும்
உள்ளே ஒன்று "சபாஷ்" என்றது எனக்கு.
அதை எங்கே கொண்டுபோய்க் கழுவுவது?
அதோடேயே அனுப்பிவிட்டேன்.

மேலே "வந்து நின்றான்" என்று எழுதியிருக்கிறேன்.
என்னைவிட ஒன்பது வயது மூத்தவர்.
மாற்றியிருக்கலாம்.
வேண்டாம், இருக்கட்டும்.
அவர் நோட்டில் அப்படித்தான்:
ஒற்றைக் கோடு,
அடியில் இருப்பது
வாசிக்கும்படி.