டிரிப் ஷீட்

மூன்றே முக்காலுக்கு
பெருங்குடிக் கட்டடம் எங்களைத் துப்புகிறது.
நாலு பேர், ஒரு வண்டி.
பெண்கள் போகும் வண்டியில்
காவலாளி ஒருவர் கூட வர வேண்டும், விதி.
அவர் விழித்திருக்க வேண்டுமென்று
விதியில் இல்லை.

அமெரிக்காவில் எவருக்கோ முழங்கால் அறுத்திருப்பார்கள்.
அதற்கு ஓர் எண் உண்டு.
கண்டுபிடித்துப் போட்டால்தான்
ஆஸ்பத்திரிக்குப் பணம் போகும்.
ஒரு ராத்திரிக்கு நூற்றுப் பத்து நோயாளிகள்.
போன தீபாவளி வரை எண்பது.

கழுத்துப் பிடிப்புக்கு எண் உண்டு.
தூக்கம் வராததற்கு நாலைந்து வகை.
மேலதிகாரியோடு ஒத்துப்போகாமைக்குக்கூட உண்டு,
சத்தியமாக.
உள்ளே எல்லாம் எரிந்து
ஆள் மட்டும் மிச்சமாக நிற்பதற்கு
இசட் எழுபத்து மூன்று புள்ளி பூஜ்யம்.
அதை முதல் வரியில் போட்டால்
கிளெய்ம் திரும்பி வந்துவிடும்.

முன்பு பர்வீன் மேடம் இருந்தார்.
ரெண்டு மணி வாக்கில் எழுந்து வருவார்,
நாற்காலியின் முதுகை விரலால் தட்டுவார்.
‘கண்ண மூடு. பத்து நிமிஷம். நான் பாத்துக்கறேன்.’
அந்த வருஷம் எங்கள் டீமில்
தப்பு குறைவு.
எண்ணிக்கையும் குறைவு.
மேலே இருந்தவர்களுக்கு
ரெண்டாவது மட்டும் தெரிந்தது.

இப்போது கிரிதரன்.
கெட்டவர் இல்லை, அதுதான் கஷ்டம்.
பாத்ரூம் போனால் திரையில் கடிகாரம் ஓடும்,
ஏழு நிமிடம் தாண்டினால் சிவப்பு.
‘சிஸ்டம் கேக்குதும்மா, நான் கேக்கல’ என்பார்
ஜெலுசில் மென்றபடி.
அவரும் யாருடைய திரையிலோ
ஒரு சிவப்புக் கட்டம்.

போன வாரம் மகிழ்ச்சி வாரம்.
பேன்ட்ரியில் மஞ்சள் பலூன்,
மேசைக்கு மேசை சிரிக்கும் முக ஸ்டிக்கர்.
‘நீங்கள் எப்படி உணர்கிறீர்கள்?’
பெயர் போட வேண்டாம் என்றார்கள்.
பதினோரு பேர் டீம்.
எல்லோரும் நடு முகத்தை அழுத்திவிட்டு
சீட்டுக்குத் திரும்பினோம்.

செவ்வாய்க்கிழமை விடியலில்
தரமணியில் ரெண்டு பேர் இறங்கினார்கள்.
ஜெபராணி கண்ணாடியில் நெற்றியை வைத்துத் தூங்கினாள்.
வாய் லேசாகத் திறந்திருந்தது.
அடையாள அட்டை கழுத்தில் தலைகீழாக.
வீட்டுக்குப் போனால் ஆறரைக்கு
பையனுக்கு டிபன் பாக்ஸ்,
ஏழு மணிக்கு மோட்டார் போட வேண்டும்,
அப்புறம் எங்கே தூக்கம்.

விஜயநகர் வந்தது.
தணிகாசலம் வண்டியை நிறுத்தவில்லை.
கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.
நான் தலையை ஆட்டினேன், சரி என்றா, தெரியவில்லை.
வேளச்சேரி ஏரியை ஒரு சுற்று.
வேகத்தடைகளில் முட்டை கொண்டுபோவதுபோல் இறங்கினார்.
பால் வண்டி ஒன்று ஹாரன் அடித்தபோது
அவர்தான் முகம் சுளித்தார்.
இன்னொரு சுற்று.

பகலில் அவர் வேறொரு கம்பெனிக்கு ஓட்டுகிறார்.
அவருக்கு யார் ஏரியைச் சுற்றுவார்கள்,
கேட்கவில்லை நான்.

மறுநாள் டிரிப் ஷீட்டில்
ஒரு வரி சிவப்பாக வந்தது:
பாதை விலகல், மூன்று புள்ளி நான்கு கிலோமீட்டர்.
ஓட்டுநருக்கு முந்நூறு ரூபாய் பிடித்தம்,
பயணி காரணம் எழுதிக் கையெழுத்திட்டால் தவிர.

பேனா மூடியைக் கடித்துக்கொண்டிருந்தேன்.
டிராஃபிக் என்று எழுதலாம், நாலு மணிக்கு நம்பமாட்டார்கள்.
மெட்ரோ வேலை என்று எழுதலாம், அதை எப்போதும் நம்புவார்கள்.
கை பழக்கத்தில்
எண்ணைப் போட்டுவிட்டது.

சாயங்காலம் டிரான்ஸ்போர்ட் டெஸ்க்கிலிருந்து போன்.
புதுப் பையன், பணிவான குரல்.
‘மேடம், இந்த இசட் எழுபத்து மூணு எந்தத் தெரு?
மேப்புல வரல.
மெட்ரோ தூணுக்கு இந்தப் பக்கமா,
அந்தப் பக்கமா?’